‘பெனெந்தாங்’ கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

மாண்புமிகு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் பினாங்கு மாநில அலுவலகத்தாருக்கும், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பழைய நாணயம், நோட்டு, தபால்தலை, கைக்கடிகாரம், கேமரா லென்ஸ் ஆகியவற்றை இணைய ஏலத்தில் வாங்கியும் விற்றும் பழகிய ஜார்ஜ் டவுன் சேகரிப்பாளர்கள் நாங்கள். லோரோங் கூலிட் சந்தையில் ஒரு வெள்ளி நாணயத்தை வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம், விற்பவர் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம், மறுவாரமும் அதே இடத்தில் போய் நிற்கலாம். இணைய ஏலத்தில் இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் ஏமாந்தவருக்குச் சட்டத்தின் துணை அங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சட்டம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பாரம் 1-ஐ நிரப்பி ஐந்து ரிங்கிட் கட்டினால் போதும், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்றாண்டு வரை கால அவகாசமும் உண்டு. சாமானியருக்கு இதைவிட எளிய வாசல் இந்த நாட்டில் வேறு இல்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பாரத்தில் ‘பெனெந்தாங்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதிர்த்தரப்பின் பெயர், அடையாள அட்டை எண் அல்லது நிறுவனப் பதிவு எண், முகவரி எல்லாம் அங்கே எழுத வேண்டும். பாரத்தின் நகல் அந்த முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் அவர் 14 நாளுக்குள் பாரம் 2-இல் பதில் சொல்ல வேண்டிய கடமை தொடங்கும்.

ஏலத்தில் ஏமாந்தவரிடம் இருப்பது ஒரு புனைபெயர், ஒரு கைப்பேசி எண், ஒரு வங்கிக் கணக்கு எண். மூன்றும் விற்றவருடையவையாக இல்லாமல் போகலாம். கணக்கு பெரும்பாலும் இரவல் கணக்கு, எல்லாரும் ‘அக்காவுன் கெல்டாய்’ என்று சொல்வது. அந்தக் கட்டத்தில் புனைபெயரை எழுதினால் வழக்கு நகராது. கணக்குக்காரர் பெயரை எழுதினால், ஏலத்தில் பொருளையே வைக்காத ஒருவர் மேல் வழக்குப் போடுவதாக ஆகிவிடும்.

விற்றவர் யார் என்பது ஏலத் தளத்துக்குத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். மின்னியல் வாணிபப் பரிவர்த்தனை விதிமுறைகள் 2012லேயே இதைக் கேட்டன. விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொலைபேசி, முகவரி, பொருளின் முக்கியத் தன்மை, அனுப்பும் செலவு சேர்ந்த முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்றன. தளம் நடத்துகிறவர் விற்பவர்களின் பெயரையும் எண்ணையும் முகவரியையும் பதிவில் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லின. அந்தப் பதிவு வாங்கியவர் கைக்கு வருவதில்லை. கேட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்ற பதில் வரும். வாங்குகிற எல்லாருக்கும் விற்பவரின் வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை, அது ஆபத்து. ஆனால் 2010ஆம் ஆண்டின் அதே தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும், சட்டமோ நீதிமன்ற ஆணையோ கேட்கும்போதும், தரவை வெளியிட இடம் தருகிறது. ஆகவே அமைச்சு கேட்டால் தளம் கொடுக்கத் தடையில்லை. கேட்பதற்கான வழியை வகுப்பதுதான் பாக்கி.

எங்கள் முதல் கோரிக்கை அதுதான். புனைபெயர், ஏல எண், பணம் போன ரசீது மூன்றையும் வைத்துப் பாரம் 1-ஐப் பதிய அனுமதியுங்கள். தளத்திடம் அடையாளத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பைத் தீர்ப்பாயச் செயலகமே ஏற்கட்டும். கொடுக்காத தளத்தை எதிர்த்தரப்பாகச் சேர்க்க வழி இருக்கட்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டம் ‘வாணிபமாக’ விற்பவரைப் பற்றிப் பேசுகிறது. தன் பழைய கேமராவை ஒருமுறை விற்கிற ஆசிரியரும், மாதம் நாற்பது ஏலம் போட்டுவிட்டு ‘என் சொந்தச் சேகரிப்பு’ என்று எழுதுகிறவரும் ஒன்றல்ல. எத்தனை விற்றால் வாணிபம் என்பதற்கு ஒரு தெளிவான வழிகாட்டி வேண்டும். இல்லையென்றால் ‘நான் வியாபாரியே இல்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் வழக்கு கலைந்துவிடும்.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது முகப்பில் அமரும் அதிகாரிகளுக்கு நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘பார்சல் போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறதே’ என்று புகாரைத் திருப்பிவிடக் கூடாது. ஏனென்றால் இன்றைய ஏமாற்றில் அதிகம் பயன்படுவது அந்த ‘போய்ச் சேர்ந்தது’ என்ற சொல்தான். விற்றவர் ஒரு கைக்குட்டையையோ சாவிக்கொத்தையோ உறையில் போட்டு அனுப்புகிறார். சில வேளை வாங்கியவர் வீட்டுக்குக்கூட அல்ல, அதே அஞ்சல் குறியீட்டில் உள்ள வேறு முகவரிக்கு. கூரியர் எண் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று மாறுகிறது. தளத்தின் தானியங்கி முறை அந்தச் சொல்லைப் பார்த்துப் பணத்தை விற்றவருக்கு விடுவிக்கிறது. இதை உடைக்கும் சான்று எடை. கூரியர் முதலில் எடுத்தபோது பதிவான எடையையும், எந்த முகவரியில் யார் கையொப்பமிட்டார் என்பதையும் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 700 கிராம் லென்ஸ் 90 கிராம் பார்சலில் வந்திருக்க முடியாது.

அடுத்தது நாட்களைக் கரைப்பது. ‘சுங்கத்தில் மாட்டிக்கொண்டது’, ‘அம்மா மருத்துவமனையில்’, ‘திங்கட்கிழமை கட்டாயம் அனுப்புகிறேன்’. இரக்கப்பட்டுக் காத்திருக்கிறவரின் முறையீட்டுக் காலம் இதற்குள் முடிந்துவிடுகிறது. ஈபேயில் பொருள் வந்த நாளிலிருந்தோ, வர வேண்டிய நாளிலிருந்தோ 30 நாள். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். தகராறைத் தொடங்கியபின் 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மூடியதைத் திறக்கவே முடியாது. ‘முதலில் தகராறை மூடுங்கள், பிறகு பணம் தருகிறேன்’ என்று விற்றவர் கெஞ்சுவது இதற்காகத்தான். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் மறுப்புக் கோர இன்னும் ஒரு வழி உண்டு. அதற்கும் காலக்கெடு உண்டு. பேபாலில் ‘நண்பர், குடும்பம்’ என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பே கிடையாது. ‘கட்டணம் மிச்சம்’ என்று விற்பவர் அதைக் கேட்டால், அந்த ஏலத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, கள்ள ஏலம். ஒருவர் தம் உச்ச விலையாக 300 ரிங்கிட் பதிகிறார். தளம் அவருக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். விற்பவரின் இன்னொரு கணக்கு இடையில் புகுந்து, 300 உடையும் வரை ஏற்றி உச்சத்தைத் தெரிந்துகொள்கிறது. பிறகு தன் ஏலக் கேள்வியைத் திரும்பப் பெற்று, 295இல் வந்து நிற்கிறது. 180க்குப் போக வேண்டிய நாணயம் 300க்குப் போகிறது. ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் கேட்டு, ஒன்றிலும் வெல்லாமல், அடிக்கடி கேள்வியைத் திரும்பப் பெறுகிற கணக்கு இதன் அடையாளம். தவறிப்போய் அந்தக் கணக்கே வென்றுவிட்டால், அடுத்த சில நிமிடத்தில் ‘வென்றவர் வாங்கவில்லை, உங்களுக்குத் தருகிறேன்’ என்று இரண்டாவது வாய்ப்பு வரும். 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தம் ஏலத்தில் தாமே கேட்பதை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை தருகிறது. பினாங்குக்கு அந்தச் சட்டம் 1990இல்தான் நீட்டிக்கப்பட்டது. நீட்டிக்கப்பட்டபின் அது எங்களுக்கும் உரியது. ஆனால் கேட்டவர்களின் பெயரைத் தளம் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிட்டால், அந்த உரிமையை எதை வைத்து நிறுவுவது? பெயர் வேண்டாம். ஒரே கணக்கு அந்த விற்பவரிடம் எத்தனை முறை கேட்டது, எத்தனை முறை பின்வாங்கியது என்ற எண்ணிக்கையாவது வெளியில் தெரிய வேண்டும்.

விற்றபின் விளம்பரத்தைத் திருத்துவதும் நடக்கிறது. ‘அசல்’ என்று இருந்தது ‘அசல் போன்றது’ என்று மாறும், படம் மறையும். ஏலம் முடிந்த நொடியில் இருந்த விவரமும் படமும் மூன்றாண்டு மாறாமல் உறைந்திருக்க வேண்டும் என்று தளங்களுக்கு ஆணையிடுங்கள். தீர்ப்பாயத்தின் கால அவகாசமும் அதே மூன்றாண்டுதான்.

இரண்டாவது கோரிக்கை, தமிழில் ஒரு தாள். உங்கள் முகப்பிலும் காவல் நிலையங்களிலும் கிடைக்கும்படி, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். எங்கள் அனுபவத்திலிருந்து அதில் இருக்க வேண்டியதைச் சொல்கிறோம்.

ஏலம் கேட்குமுன் விற்பவரிடம் புதிய படம் கேட்க வேண்டும்: பொருளின் அருகே, கையால் எழுதிய தேதியும் அவர் புனைபெயரும் உள்ள துண்டுச் சீட்டோடு. நாணயமென்றால் தராசின் மேல் வைத்து. 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற ஒரு டாலர் வெள்ளி நாணயம் 26.95 கிராம், 1907 முதல் 1909 வரை வந்தது அளவில் சிறுத்து 20.2 கிராம். எடை பொருந்தாத நாணயத்துக்கு மேற்கொண்டு பேச்சே வேண்டாம். பொருந்தினாலும் அசல் என்று முடிவாகிவிடாது. காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது மட்டும் நிச்சயம். நற்சான்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு ரிங்கிட் பொருட்களை நூறு விற்று நூறு நற்சான்று சேர்த்துக்கொண்டு, பிறகு மூவாயிரம் ரிங்கிட் கடிகாரத்தை வைப்பது பழைய தந்திரம். பல மாதம் தூங்கிக் கிடந்த கணக்கு திடீரென்று விலை உயர்ந்த பொருட்களாக அடுக்கினால், அது களவுபோன கணக்காக இருக்கலாம். பணத்தைத் தளத்துக்கு வெளியே கட்டக் கூடாது. கட்டியே ஆக வேண்டிய நிலையில், காவல் துறையின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றும் வராததால் நம்பிவிடவும் கூடாது. நேற்றுத் திறந்த இரவல் கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பார்சல் வந்ததும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். முகவரிச் சீட்டு, ஆறு பக்கத்து ஒட்டுநாடா, சமையலறைத் தராசில் எடை, பிறகு பிரிப்பது, உள்ளே இருப்பது என்று அனைத்தும் வெட்டில்லாத ஒரே காணொளியில் வர வேண்டும். நடுவில் நிறுத்தி எடுத்த காணொளியை எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடும். உறையையும் எறியக் கூடாது. வாட்ஸ்அப் உரையாடலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் வைத்திருக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

மோசடி என்று தெரிந்த நொடியில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண், அல்லது வங்கியின் 24 மணி நேர எண். இரவல் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க முடிந்தால்தான் உண்டு. தூங்கி எழுந்து பார்க்கலாம் என்றால் போய்விடும். பிறகு காவல் நிலையத்தில் புகார். எந்த நிலையமாக இருந்தாலும் சரி.

இங்கே காவல் துறைக்கும் ஒரு வார்த்தை. ‘இது சிவில், திரிபியூனலுக்குப் போங்கள்’ என்று ஒரு முகப்பிலும், ‘ஆளே தெரியவில்லை, போலீசுக்குப் போங்கள்’ என்று மறு முகப்பிலும் சொன்னால், 180 ரிங்கிட் இழந்தவர் அரைநாள் சம்பளத்தையும் இழந்து வீடு திரும்புவார். ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பதே இந்தச் சலிப்பை. பொருள் பழுதாக வந்தது வேறு. தொடக்கத்திலேயே கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பணம் வாங்கியது வேறு. பின்னது தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. அந்த எண்ணத்தைக் காட்டும் தடயங்கள் இருக்கின்றன: ஒரே படம் பலருக்கு விற்கப்பட்டது, கணக்கு வேறொருவருடையது, பணம் சேர்ந்த நிமிடத்தில் எண் தடுக்கப்பட்டது, பார்சல் எடை பொருந்தவில்லை. இரவல் கணக்கு கொடுப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கி 2024இல் சேர்த்த புதிய பிரிவுகளும் இப்போது கையில் உள்ளன.

பாரம் 1-இல் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாது. ‘பெனெந்தாங்’ கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘எதிர்த்தரப்பின் அடையாளம் தெரியவில்லை, விற்பனை நடந்த தளம், ஏல எண், புனைபெயர் ஆகியவை வருமாறு, அடையாளத்தைச் செயலகம் தளத்திடமிருந்து பெறும்.’ அதை மூன்று மொழியில் எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இணைய ஏலத்தில் வாங்கி விற்கும் சேகரிப்பாளர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு