ஆச்சியின் உழக்கு எத்தனை கிராம்?

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் தாமதமானதற்கு நீதான் காரணம். உளுந்தங்களிக்கு உழக்கு, ஆழாக்குக் கணக்கு வேண்டாம், மகளுக்குப் புரிகிற மாதிரி கிராமில் எழுது என்று லேசாகச் சொல்லிவிட்டாய். ஆச்சி பித்தளை உழக்கில் அளந்தவள். அவளுக்கு ஏது கிராம்?

சரி என்று நேற்று மத்தியானம் சமையல் தராசை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். இவர் பேப்பரை மடித்துவிட்டு வேடிக்கை பார்த்தார். முதலில் காலி உழக்கை வைத்துப் பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கிக்கொண்டு, விளிம்பு வரை தண்ணீர் விட்டேன். 330 கிராம். தண்ணீர் மட்டும்தான் மில்லிக்கு ஒரு கிராம். ஆக உழக்கின் கொள்ளளவு 330 மில்லி. அடியில் ஒரு நெளிசல் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். வாங்கினபோது இன்னும் கொஞ்சம் கொண்டிருக்கும். அதே உழக்கில் நல்லெண்ணெய் 303தான் வந்தது. எண்ணெய் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் 910 கிராம் என்று ஏன் அச்சடிக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது! பச்சரிசி 270.

அப்புறம் மாவுக்கு வந்தேன். அங்கேதான் வினை. சலித்த மாவை மெதுவாகப் போட்டுத் தலை தட்டினால் 165 கிராம். அதே மாவைப் போட்டு உழக்கைத் தரையில் ரெண்டு தட்டு தட்டி, குழிந்த இடத்தை நிரப்பித் தலை தட்டினால் 200. உழக்கும் அதே, மாவும் அதே. ஆச்சி எப்போதும் ரெண்டு தட்டு தட்டுவாள். போன வருஷம் உன் களி கரண்டியில் நிற்காமல் வழிந்தது என்று அழாத குறையாகப் போன் பண்ணினாயே, இதுதான் காரணம். நீ சலித்துவிட்டு அளந்திருக்கிறாய். மாவில் 35 கிராம் குறைந்துவிட்டது, தண்ணீர் மட்டும் குறையவில்லை. உன் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

கருப்பட்டியை உழக்கில் அளக்கவே கூடாது. பெரிய துண்டாகப் போட்டால் இடையில் எல்லாம் காற்று, பொடித்தால் அடைத்துக்கொள்ளும். எடை போட்டே எடு.

மகளுக்கு இதை எழுதி அனுப்பு: தோல் உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, வறுத்துத் திரித்த மாவு 200 கிராம். கருப்பட்டி 300, தண்ணீர் 900, நல்லெண்ணெய் 120. பாதித் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டட்டும், உடன்குடிக் கருப்பட்டியானாலும் மண் இருக்கும். மீதித் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, ரெண்டையும் சேர்த்துச் சிறுதீயில் கிண்டணும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடட்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஏலக்காயை எடை போட வேண்டாம். என் தராசு ரெண்டு கிராமுக்கெல்லாம் கண்ணே திறக்காது. நாலு காய் தட்டிப் போட்டால் போதும்.

இதெல்லாம் அளந்துகொண்டிருந்தபோது அப்பா களத்தில் நெல் அளந்தது நினைவுக்கு வந்தது. முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படி 21 மரக்கால் அளந்தால் ஒரு கோட்டை. வயலைக்கூட இத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதானே சொன்னோம்? 1958இல் கிலோ வந்த பிறகும் அப்பா மாறவில்லை.

இங்கே சாரல் நேற்றோடு நின்றது. மதினிக்கு முட்டுவலி தேவலை, மாடி ஏறுகிறாள். உன் மகளுக்குக் கருப்பட்டி ரெண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள். உழக்கைக் கேட்காதே, தரமாட்டேன்.

அன்புடன்,
கோமதி