தோட்டம் பார்க்கக் காசு வாங்குவது தப்பில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப்பார்க்க டிக்கெட் கேட்டார்கள் என்று மனம் வருந்தி எழுதியிருந்தார். முன்பெல்லாம் வண்டியை ஓரமாக நிறுத்தினால் விவசாயியே உள்ளே கூப்பிட்டுப் பழம் கொடுத்து அனுப்புவாராம், இப்போது எல்லாமே வியாபாரமாகிவிட்டதாம். அப்படிக் கூப்பிட்டுக் கொடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. சுருளி அருவிக்குப் போகிறவர்கள், தேக்கடி போகிறவர்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் என்று ஆள் வரத்துக்குக் குறைவே இல்லை. பந்தலுக்கு அடியில் நின்று தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அப்பா யாரையும் தடுத்ததில்லை. தேடி வந்தவங்ககிட்டக் காசு கேட்கிறதா என்பார்.

ஆனால் கவாத்து, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடுவது, பண்ணினதிலிருந்து பழம் வெட்ட ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அதற்குள் சாம்பல் நோய் வரும், அடிச்சாம்பல் வரும், மழை பிடித்துக்கொண்டால் பழுத்த பழம் வெடித்துவிடும். பழத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதை மருந்து என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்க்கிறார்கள். அது பழத்தில் தானாக வருகிற மெழுகுப் படிவு, கை பட்ட கொத்து பளபளவென்று தனியாகத் தெரியும், வியாபாரி அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில், முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்த வரிசைக்குள் ஒரு குழந்தை ஓடிப்போய்ப் பறித்துத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அப்பா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதற்கப்புறம்தான் கயிறு கட்டினோம், மருந்து அடித்த வரிசைக்குள் குறித்த நாள் கழியும்வரை யாரையும் விடுவதில்லை, கூடவே நடந்து விளக்கிச் சொல்ல என் சித்தப்பா மகனை நிறுத்தினோம். அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா? ஆளுக்கு முப்பது ரூபாய் அதற்குத்தான். போகும்போது பழம் வாங்கினால் அந்த முப்பதையும் பழத்தின் விலையில் கழித்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, நாள் தாங்காது. விலை ஏறட்டும் என்று வெட்டாமலும் வைக்க முடியாது, வெட்டியும் வைக்க முடியாது, வியாபாரி சொல்வதுதான் விலை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் எங்கள் தராசில் நாங்களே நிறுத்து, நாங்களே விலை சொல்லி விற்பது தோட்டத்துக்கு வந்தவர்களிடம் மட்டும்தான்.

மகாராஷ்டிராவில் பாராமதிப் பக்கம் ரொம்ப நாளாகவே விவசாயிகள் தோட்டத்தைத் திறந்துவிட்டு, கட்டணம் வாங்கி, வீட்டுச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். 2020இல் அந்த அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து பதிவுச் சான்றிதழ் கொடுக்கிறது. இத்தாலியில் 1985லேயே சட்டம் போட்டார்கள், அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினர் வருவது அதற்குத் துணைதான். நாலு தென்னை மரத்தை நட்டு நீச்சல் குளம் கட்டிவிட்டுப் பண்ணை என்று போர்டு வைப்பதை அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. இங்கேயும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள் அலையாமல் பதிவு செய்கிற மாதிரி ஒரு முறை வேண்டும், ரிசார்ட்டுக்குக் கேட்கிற காகிதங்களை எல்லாம் எங்களிடம் கேட்கக் கூடாது.

அந்த வாசகர் மறுபடியும் வர வேண்டும். காமயகவுண்டன்பட்டியிலும் கூடலூரிலும்கூடத் தோட்டங்கள் உண்டு, வருடத்தில் எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். உள்ளே நுழையும் முன்னால் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவும் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் இன்னமும் உட்காருவதில்லை, தோட்டத்துக்குள்தான் இருப்பார். அவரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயியின் மகள்,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்