கார் ஓவியமும் கார் நிறுத்துமிட விளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வடிவமைப்பாளராக இருந்து ஓவியராக மாறியவரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் கார் வரைய ஆசைப்படும் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து, கட்டம் போட்டு நகலெடுத்துப் பழகலாம் என்ற அதன் பெட்டிச் செய்தி யோசனை சரியில்லை.

அருகில் நின்று எடுத்த படத்தில் காரின் முகம் ஊதி, பின்பக்கம் சுருங்கிவிடும். நகலில் அந்தக் கோணலும் சேர்ந்தே வரும். படம்தான் வேண்டுமென்றால் எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று ஸூம் செய்து எடுக்கவேண்டும். அதற்கு முன் சக்கரம் போடப் பழகுவது நல்லது. காரின் முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் சாய்ந்த கோணத்தில் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் குட்டை அச்சு, சக்கரங்களை இணைக்கும் தண்டான ஆக்ஸில் போகும் திசையிலேயே இருக்கவேண்டும். பலர் நீள்வட்டத்தை நட்டுக்குத்தாக நிறுத்திவிடுவதால்தான் சக்கரம் கழன்று விழப்போவதுபோல் தெரிகிறது.

பம்பரில் பளபளக்கும் குரோம் என்ற உலோகப் பூச்சுக்கென்று தனி நிறம் கிடையாது. வெட்டவெளியில் நிற்கும் பழைய காரின் உருண்ட பம்பரைப் பாருங்கள். மேல்பகுதியில் வானம்: உச்சியில் அடர்நீலம், கீழே வரவர வெளிறி, தொடுவானத்தருகே ஏறக்குறைய வெள்ளை. அதை ஒட்டியே மிகக் கறுத்த ஒரு கோடு; தூரத்து மரமும் கட்டடமும்தான் அது. அதற்குக் கீழே தரையின் பழுப்பு. கறுப்பும் வெள்ளையும் கலக்காமல் முட்டிக்கொள்ளும் அந்த இடம்தான் இது உலோகம் என்று கண்ணை நம்பவைக்கிறது. நடுவில் சாம்பலைக் குழைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

வடிவமைப்பாளருக்கு இது கைவந்தது. களிமண் மாதிரியின்மேல் பளபளப்பான டை-நாக் படலத்தை ஒட்டி, வெளிச்சக்கோடு எங்கே நெளிகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவது அவர்கள் தொழில். நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இலவசம். இரவில் பானெட்டின்மேல் விழும் குழல்விளக்கின் பிரதிபலிப்பைக் கவனியுங்கள். தட்டையான இடத்தில் அகலமாக ஓடும். வளைவு கூடும் இடத்தில் ஒல்லியாகும். ஒடுக்கு விழுந்த இடத்தில் துள்ளும். காரின் வெளிக்கோட்டை விட்டுவிட்டு, அந்த ஒளிக்கோடுகளை மட்டும் வரைந்து பாருங்கள். கார்க்காரர் சந்தேகமாகப் பார்த்தால் நோட்டைக் காட்டிவிடலாம்.

வடிவமைப்பிலிருந்து ஓவியத்துக்கு வருவது புதிதுமல்ல. அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக், பாக்கார்டு என்ற அமெரிக்க நிறுவனக் கார்களின் வடிவமைப்பில் பணியாற்றியவர். 1959 முதல் 1971 வரை போன்டியாக் என்ற அமெரிக்கக் காரின் விளம்பரங்களில் காரை அவர் வரைய, பின்னணியையும் மனிதர்களையும் அவருடைய கூட்டாளி வேன் காஃப்மன் தீட்டினார். 2005, 2008ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அஞ்சல்தலைகளுக்கு 1950களின் கார்களை வரைந்தவரும் ஃபிட்ஸ்பேட்ரிக்தான். அந்தப் போன்டியாக்குகள் உண்மைக் காரைவிட அகலமாகத் தெரியும். எங்கே இழுத்தால் வடிவம் கெடாது என்று தெரிந்தவர் சொன்ன பொய் அது. கட்டம் போட்டு நகலெடுப்பவருக்குக் கைகூடாது.

பொருள்களைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. ஆல்கஹால் கலந்த மை கொண்ட மார்க்கரில் கூல் கிரே (நீலம் கலந்த சாம்பல்; எண் கூடக்கூட அடர்த்தி கூடும்) 1, 3, 5, 7, 9 என ஐந்து இருந்தால் தொடங்கிவிடலாம். ஒரு கோடு காயுமுன் அடுத்தது சேரவேண்டும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் மை சீக்கிரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். ஒளி ஊடுருவாத நீர்வண்ணமான குவாஷுக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அதையும் நனைத்து, பலகையில் இழுத்து ஒட்டாவிட்டால் அலையடிக்கும். குவாஷைத் தடிமனாகப் பூசினால் வெடிப்பு விழும். காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் கரையும் என்பதால், வெள்ளை மினுக்கத்தைக் கடைசியில் ஒரே இழுப்பில் வைத்துவிடவேண்டும். சட்டம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.

வாங்குவோருக்கும் ஒன்று. ஆல்கஹால் மார்க்கர் மையில் இருப்பது பெரும்பாலும் சாயம். வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளிறிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஓவியத்தின் விலையைக் குறிப்பிட்ட உங்கள் கட்டுரை, அது மார்க்கரா குவாஷா என்பதையும் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்