காசு கொழுத்துப் போய் அனுப்பவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், வளர்ப்புப் பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நமக்கு வேண்டிய விஷயமாயிற்றே என்று காப்பியை ஓரமாக வைத்துவிட்டுப் படித்தேன். கடைசி வரி இது: "தோட்டப்புறத்து மக்கள்கூடக் கம்பத்து நாய்க்கு இருபதாயிரம் வெள்ளி கொடுத்து விமானம் ஏற்றுகிறார்கள் என்றால், நம் சமுதாயத்துக்குக் காசு கொழுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்."

கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத்தில் கம்பத்து நாயை, அதாவது ஜாதி இல்லாத நாட்டு நாயை, விமானம் ஏற்றிய குடும்பம் என்று நான் கேள்விப்பட்டது ஒன்றுதான். அது என் குடும்பம். ஆகவே உங்கள் கட்டுரையாளருக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லை என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

சில வாரங்களுக்கு முன் இதே பதிப்பில், கோலாலம்பூரில் ஒரு குடும்பம் தங்கள் பூடில் நாய்க்கு ஓட்டலில் பிறந்தநாள் கொண்டாடிய வண்ணப் படம் வந்தது. நாய்க்குத் தொப்பி, நாய்க்குக் கேக். படத்தின் கீழே 'பாசத்துக்கு எல்லை ஏது' என்று எழுதியிருந்தீர்கள். சரி, தலைநகரத்தில் செய்தால் பாசம், தோட்டப்புறத்தில் செய்தால் கொழுப்பு. விளங்கிக்கொண்டேன்.

எங்கள் டைகர் கம்பத்து நாய்தான், மறைக்க ஒன்றுமில்லை. (தோட்டத்தில் பாதி நாய்க்கு டைகர் என்று பெயர், மீதிக்கு ஜிம்மி. துரைமார்கள் விட்டுப்போனதில் எங்கள் பங்குக்கு வந்தது அது.) என் மகள் தாதி. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை கிடைத்துக் கணவன் பிள்ளைகளோடு போய்விட்டாள். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருந்த வீட்டை விற்றாயிற்று. நான் மகனோடு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டேன். மின்தூக்கி பாதி நாள் வேலை செய்யாது, குப்பை வண்டி வந்தால் வந்ததுதான். ஆனால் நாய் வளர்க்கக் கூடாது என்ற விதி மட்டும் அங்கே ஒழுங்காக நடக்கிறது. டைகரை நான் எங்கே விட வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் எழுதவில்லை.

வெளியே விட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய் நோய் வந்தபோது நடந்ததை நீங்களும்தானே செய்தியாகப் போட்டீர்கள். நோயைத் தடுக்க வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாய் பிடிக்கிற வண்டி முதலில் எந்தத் தெருவுக்குள் வந்தது? பெரிய கேட் வைத்த பங்களா வரிசைக்கா? ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்து, பட்டை கட்டிய நாய்க்கும் எங்கள் வரிசையில் பாதுகாப்பு இல்லை. அப்போது டைகரின் தாயை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் கட்டிவைத்துத்தான் காப்பாற்றினோம்.

அதற்கும் முன்னால் தோட்டம் கைமாறியதே, அதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நாங்கள் இருந்த தொழிலாளர் வரிசை வீட்டை, லயத்தை, காலி செய் என்று கடிதம் வந்தது. லோரியில் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, சாமிப் படம் எல்லாம் ஏறின. நாய்களுக்கு இடமில்லை. அவை லயத்து வாசலிலேயே கிடந்தன, ஒரு வாரத்துக்குச் சோறு கொண்டுபோய் வைத்த பெண்களும் அப்புறம் நிறுத்திவிட்டார்கள், பஸ் செலவு கட்டுப்படியாகவில்லை. நம் சமுதாயம் அப்போது நாய்க்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. கட்டுரையாளருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

இனி, டைகரை மகளிடம் அனுப்பச் செலவான அந்த இருபதாயிரத்துக்கு வருகிறேன். மகள் பாதி கொடுத்தாள், மீதி என் ஊழியர் சேமநிதிப் பணம்.

முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்தார்கள். அதில் 15 இலக்க எண். நம் அடையாள அட்டையான மைகார்டில் 12தான். டைகரை எந்த நாட்டில் வைத்துக் கருவியைக் காட்டினாலும் இன்னார் என்று தெரிந்துவிடும். என் சித்தப்பா இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டு மரத்தையே சீவி, சாகும்வரை குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தார். பிறப்புப் பத்திரம் இல்லையாம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் என்று வந்தபோது, பேப்பர் இல்லாத அத்தை குடும்பம் ராஜுலா கப்பலேறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றியும் நீங்கள் அரைப் பக்கம் போடலாம்.

பிறகு வெறிநாய்த் தடுப்பூசி. ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். அந்த இரத்தம் ஆய்வகம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருந்த பிறகுதான் ஆஸ்திரேலியாவுக்குள் விடுவார்கள். அந்த அரை வருடமும் நாய்க்கு ஓர் இருப்பிடம் வேண்டுமே. அடுக்குமாடியில் வைக்க முடியாது, நாய் விடுதிக்கு மாத வாடகை.

அப்புறம் நிப்பா. பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றி, 1998இல் பேராக்கில் தொடங்கி மறு வருடம் நெகிரி செம்பிலானுக்குப் பரவி, நாட்டில் மொத்தம் 105 உயிரோடு முடிந்ததே, அதே நிப்பா நோய். கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதலில் புகையடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிற நாய்க்கு நிப்பா இல்லை என்று இரத்தப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். இங்கிலாந்துக்குப் போவதானால் 60 நாள் பன்றியோடு சகவாசம் இல்லை என்று அரசாங்கச் சான்றிதழும் வேண்டும். டைகரின் பாட்டி பிறப்பதற்கு முன் நடந்ததற்கு டைகர் இரத்தம் கொடுத்தது, நான் காசு கொடுத்தேன்.

விமானக் கூலியைக் கேளுங்கள், இதுதான் எனக்கு ஆறவே இல்லை. டைகரின் எடை 18 கிலோ. பெட்டியோடு நிறுத்தாலும் முப்பது வராது. ஆனால் நாய் நிற்க, திரும்ப, படுக்க இடம் இருக்க வேண்டும் என்பது விமானச் சட்டம், அது நியாயம்தான். அதனால் 91 சென்டிமீட்டர் நீளம், 64 அகலம், 69 உயரத்தில் பெட்டி. மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுத்து வருவதைத்தான் எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், 67 கிலோ. நான் தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் எடைக் கணக்கு எழுதிய கிராணி. அங்கே தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லி எங்கள் ஆட்களின் எடையைக் குறைப்பார்கள், இங்கே காற்றையும் சேர்த்து நிறுத்து எடையைக் கூட்டுகிறார்கள். இரண்டு தராசிலும் கொடுக்கிறவர்கள் நாம்தான்.

மகள் இருப்பது பெர்த்தில். கோலாலம்பூரிலிருந்து மெல்பர்னைவிட அதுதான் பக்கம். ஆனால் நாய் மெல்பர்னில்தான் இறங்க வேண்டும், ஏனென்றால் அந்த நாட்டின் தனிமைப்படுத்தும் நிலையம் அங்கே மிக்கலம் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே இருந்து முடித்து, மறுபடியும் விமானம் ஏறி, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி மேற்கே போக வேண்டும். அதற்கு வேறு கூலி. ரகசியமாகக் கொண்டுபோகலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். 2015இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுபோன இரண்டு நாய்களையே வெளியேற்றிய நாடு அது. பாடாங் செராய்க் கிராணியின் நாயையா விடப்போகிறார்கள்?

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. 2023 மார்ச் 1 முதல் ஆஸ்திரேலியாவில் ஒரு விதி. இரத்தம் எடுப்பதற்கு முன், இந்த மைக்ரோசிப் இந்த நாய்க்குத்தான் என்று அரசாங்கக் கால்நடை அதிகாரி பார்த்து உறுதி செய்திருந்தால் மிக்கலத்தில் 10 நாள் போதும். செய்யாவிட்டால் குறைந்தது 30 நாள். எங்கள் காரியத்தை எடுத்துச் செய்த முகவர் இதைச் சொல்லவில்லை. இரத்தம் எடுத்து முடிந்த பிறகு, பேச்சுவாக்கில் தெரியவந்தது. கேட்டதற்கு, "வெப்சைட்டில் எல்லாம் இருக்கிறதே அங்கிள்" என்றார். இருக்கிறது, ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. மகள் இரவு வேலை முடித்து வந்து படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எதற்காக முகவருக்குக் கட்டணம் கட்டினோம்? கூடுதல் இருபது நாளுக்கு எங்கள் காசும் போயிற்று, அந்த ஜீவனும் அடைந்து கிடந்தது.

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபதாயிரம் என்பது ஓர் ஆளின் ஒரு வருட உழைப்பு. அது உங்கள் கட்டுரையாளரைவிட எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சம்பளம் வாங்குகிறவர்கள் என் பக்கத்து வீட்டிலும் மேல் மாடியிலும் இருக்கிறார்கள்.

உங்கள் அரைப் பக்கத்தில் இந்த 180 நாளும் இல்லை, 10க்கும் 30க்கும் உள்ள வித்தியாசமும் இல்லை, பெட்டியை அளந்து எடை போடுகிற கணக்கும் இல்லை. விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார நாயின் படம் பெரிதாக இருந்தது. அந்த இடத்தில் நான்கு வரி உண்மையான தகவல் போட்டிருந்தால், வேறொரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் வெள்ளியாவது மிஞ்சும். சென்ற ஆண்டு, அடுக்குமாடியில் நாய் வளர்ப்பவர்கள் படும் பாட்டைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. அந்த வாரம் ராசிபலன் இரண்டு பக்கம் வந்திருந்தது, குறை சொல்லவில்லை, என் ராசிக்கு நன்றாகவே போட்டிருந்தார்கள்.

என் வேண்டுகோள் சின்னதுதான். வரும் ஞாயிறு ஒரு கட்டம் போட்டு, சிப், ஊசி, அதிகாரி உறுதி செய்வது, இரத்தம், காத்திருப்பு, நிப்பா, பெட்டி என்று வரிசையாகத் தமிழில் வெளியிடுங்கள். அதிகாரி உறுதி செய்வது இரத்தம் எடுப்பதற்கு முன்னால் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கொழுப்பைப் பற்றிய அந்த வரிக்கு வருத்தம் தெரிவிப்பதா வேண்டாமா என்பதை உங்கள் பெருந்தன்மைக்கே விட்டுவிடுகிறேன்.

ரசீதுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. கட்டுரையாளரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். புதன்கிழமை எனக்கு கிளினிக், மற்ற நாளில் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா.