காஸ்ரிக் குளிசையும் பொய்த்த பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் வந்த புற்றுநோய்க் கட்டுரை, இரைப்பையில் புற்றுநோய் என்றாலே சத்திரசிகிச்சையும் கீமோவும்தான் என்று எண்ண வைக்கிறது. சீதமென்சவ்வைச் சார்ந்த நிணநீர் இழையத்தில் தோன்றும் 'மோல்ற் லிம்போமா' என்ற புற்றுநோய் அப்படிப்பட்டதன்று. ஐசாக்சன், ரைற் என்னும் நோயியலாளர்கள் 1983இல் விவரித்த இந்நோய்க்கு, இரைப்பையில் நெடுங்காலம் குடியிருக்கும் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பற்றீரியாவே பெரும்பாலும் காரணம். அதை அழித்தால் ஆரம்ப நிலையிலுள்ள பலருக்குப் புற்றுநோயும் மறைகிறது என்பது 1993 அளவில் தெரியவந்தது.

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் என் அண்ணர், வயிற்றெரிவுக்கு மூன்று வருடமாக ஒமிப்பிரசோல் குளிசையை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கியவர். வெற்றிலைப் பையில் பாக்கோடு அந்த அட்டையும் கிடக்கும். மலம் கறுத்த பிறகே இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். முதன்முறை எடுத்த ஓரிரு துணுக்குகளில் வெறும் அழற்சி என்றே முடிவு வந்தது. பின்னர் பல இடங்களில் கிள்ளியெடுத்து, கலங்களின் வகையைச் சிறப்புச் சாயங்களால் பிரித்துப் பார்த்தபோதே நோய் உறுதியானது.

பற்றீரியாப் பரிசோதனையோ 'இல்லை' என்றது. அமிலத்தைக் குறைக்கும் அந்தக் குளிசை கிருமியையும் அடக்கிவைப்பதால், அதனை இரண்டு வாரமும் அன்ரிபயோற்றிக்கை நான்கு வாரமும் நிறுத்தாமல் செய்யும் மூச்சு, மலப் பரிசோதனைகள் பொய்த்துப்போகலாம் என்பதை எவரும் எங்களுக்கு முன்னரே சொல்லவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி செய்தபோது கிருமி பிடிபட்டது.

பிறகு கிருமியை அழிக்கப் பதினான்கு நாள் மருந்து. செப்புக்காசைச் சப்பியது போல வாய் கைக்கிறது என்று அண்ணர் புறுபுறுத்தார். தலைமயிர் கொட்டாத புற்றுநோயும் உண்டோ என்று அயலார் கேட்டதில் அண்ணிக்கே பாதி நம்பிக்கை போய்விட்டது. கட்டி மறையப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும் என்பதால், இடைக்கிடை கமராப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. புற்றுக் கலங்களில் 11ஆம், 18ஆம் நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) பகுதிகள் ஒன்றுக்கொன்று இடம்மாறியவர்களுக்கு இம்மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. அவர்களுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சு கைகொடுக்கிறது.

எந்தக் குளிசையை வைத்தியரைக் கேட்டு எத்தனை நாள் முன்னர் நிறுத்த வேண்டும் என்று பரிசோதனைக்குத் தரும் துண்டில் தமிழில் ஒரு வரி எழுதினால் போதும். அண்ணருக்குக் கிடைத்த துண்டில் திகதியும் 'வெறுவயிறு' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.