மேஸ்திரி போனில் ஒரு நம்பர்

ஆனையூர், மதுரை

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. உங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இன்னும் பனி என்கிறாய். இங்கே பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தது பாதியில் நிற்கிறது.

அங்கே ஒரு சமையல்காரரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. சம்பள பாக்கி கேட்டதற்கு, இமிக்ரேஷனுக்கு, அதாவது குடியேற்றத் துறைக்கு, போன் போடவா என்று முதலாளி கேட்டாராமே! அதே வசனத்தை நான் என் வீட்டுத் திண்ணையில் கேட்டேன்.

பட்டி பார்க்க வந்த பையன் யாழ்ப்பாணம் பக்கம். அக்கா இங்கே அகதி முகாமில் இருக்கிறாள். இவன் விசாவில் வந்து, நாள் முடிந்தும் தங்கிவிட்டவன். பேரை எழுதவில்லை, நீயும் கேட்காதே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான் என்றால் சுவரில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கை. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எல்லாருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்தார். இவனுக்குப் பாதிதான். "மிச்சம் எங்கண்ணே?" என்றான். மேஸ்திரி கத்தவில்லை. போனை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "க்யூ பிராஞ்ச் நம்பர் இதுலதான் இருக்கு தம்பி" என்றார். இலங்கைக்காரர்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவு அது. பையன் பட்டித் தகட்டைக் கழுவி, துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? பாரதிய நியாய சன்ஹிதாவை, அதான் புதுத் தண்டனைச் சட்டத்தை, புரட்டினேன். பிரிவு 308, மிரட்டிப் பறித்தல். அதற்குப் பயந்தவன் பொருளைக் கொடுத்திருக்க வேண்டும். இங்கே மேஸ்திரி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. 351, குற்றமுறு மிரட்டல். அதில் 'தீங்கு' என்றால் சட்டவிரோதமாகச் செய்வது. உள்ளதைப் போலீசிடம் சொல்வது எப்படி சட்டவிரோதம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார்.

சொல்வது தப்பில்லைதான். சொல்லாமலிருக்க விலை வைக்கிறான் பார், அதுதான் தப்பு. கலிபோர்னியா 2014 முதலே இதை மிரட்டிப் பறிக்கும் குற்றத்தில் சேர்த்துவிட்டது, நியூயார்க் 2021-ல். உங்கள் நியூ ஜெர்சி 2024-ல் கொண்டுவந்தது அபராதம்தான்: முதல் தடவை 1,000 டாலர் வரை, அடுத்து 5,000, அப்புறம் 10,000. ஆனாலும் முதலாளி கூலித் திருட்டை மறைக்கத்தான் இப்படி மிரட்டுகிறான் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே மேஸ்திரியின் நம்பருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா விஷயத்தில் விலக்கு உண்டு. இவன் அதற்கப்புறம் வந்தவன். ஸ்டேஷனுக்குப் போவோமா என்று கேட்டேன். சிரித்தான். "ஐயா, அங்க முதல்ல மேஸ்திரியைப் பற்றியே கேப்பினம்?"

மேஸ்திரிக்குக் கொடுத்த கடைசிப் பட்டுவாடாவில் பையனின் மிச்சக் கூலி 2,400 ரூபாயைப் பிடித்து அவன் அக்காவிடம் கொடுத்தேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்து, "சார், அவன் வேலை பாத்தது உங்க வீட்லதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி கேட் பூட்டை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

மேற்குச் சுவர் பட்டியோடு நிற்கிறது. வேறு ஆள் தேட மனசில்லை. சமையல்காரருக்குப் பாக்கி வந்ததா, எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்