அந்த ஒரு ரன்னைப் பற்றி, அண்ணனுக்கு

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நம்ம கிரவுண்டில் அக்கரைக்காரர்களை ஜெயித்துவிட்டோம். ஸ்கோர் உனக்குத் தெரியும். மேட்ச் முடிந்த கையோடு குரூப்பில் போட்டோ போட்டார்கள், நீ பார்த்ததும் எனக்குத் தெரியும். எல்லாரும் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். நீ ஒரு வார்த்தைகூடப் போடவில்லை.

போனில் பேசினால் அம்மாவின் மாத்திரை, மஸ்கட் வெயில், கேஸ் சிலிண்டர் என்று நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் வீட்டு விஷயத்தை எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு நடந்தது நானூறு பேர் முன்னால் நடந்தது. அதை அவர்கள் முன்னால்தான் பேசவேண்டும்.

முதலில் மேட்ச். நாம் 12 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 112. அவர்கள் 51 ஆல் அவுட், அதுவும் ஒன்பதாவது ஓவரிலேயே. டாஸ் ஜெயித்து பேட்டிங் என்றதும் எனக்குப் பகீரென்றது. தை மாசப் பனியில் காலை எட்டு மணிக்கு டென்னிஸ் பால் நனைந்து கனத்துப்போகும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் நடு கிரவுண்டைத் தாண்டாது. முதல் மூன்று ஓவரில் 14 ரன்தான். வெயில் ஏறி, பந்து காய்ந்த பிறகுதான் வடக்குத் தெருப் பையன் ஆரம்பித்தான். நீ போகும்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தானே, பந்து பொறுக்கிப் போடுவானே, அந்த இடதுகைக்காரன். பெயர் எழுதவில்லை, அவன் அப்பா இதைப் படிப்பார். ஆத்துப் பக்கமாகவே அடித்தான். மூங்கில் புதருக்குள் போன பந்துகள் திரும்பி வரவில்லை. 52 ரன். அவன் ஒருத்தன் அடித்ததை அக்கரையில் பதினோரு பேரும் சேர்ந்து எட்டவில்லை.

அவர்கள் ஆடியபோது பந்து எழும்பவே இல்லை. ஏழு பேர் போல்டு. நம்ம ஊர் மேட்சில் எல்.பி.டபிள்யூ கிடையாது, அது இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஸ்டம்பு சாயும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம். நீ போட்டுவைத்த பிட்ச் இப்போது இல்லை, அண்ணா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, இங்கே ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரையை மீறி பாகூர் பக்கமெல்லாம் புகுந்தது. தண்ணீர் வடிந்தபோது கிரவுண்டு முழுக்க முழங்கால் சேறு. பசங்க அதை அள்ளிக் கொட்ட டிராக்டர் பேசினார்கள். அப்பாதான் தடுத்தார். "ஆறே வீடு தேடி வந்து வண்டல் கொடுத்துட்டுப் போயிருக்கு, அதுலயே பிட்ச் போடுங்கடா" என்றார். கல் உருளையை அவரும் சேர்ந்து இழுத்தார், இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும். ஆடியில் போய்விட்டார். அந்த மண்ணில் இதுதான் முதல் பெரிய மேட்ச்.

நீ வந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடித்தாய், கடன் கணக்கெல்லாம் பார்த்தாய், அம்மாவுக்கு எல்லாம் செய்துவிட்டுத்தான் ஏறினாய். குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா கடைசியாக இழுத்த உருளை வேலியோரம் கிடந்தது, நம் கொல்லையில் நின்றாலே தெரியும். அந்தப் பக்கம் நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

சரி, 2018க்கு வருகிறேன்.

காணும் பொங்கல், சாயங்காலம். நான் ப்ளஸ் ஒன். கீத்துக் கொட்டாயில் நம் டீமுக்கு ஸ்கோர் எழுதிய நானும், அக்கரை டீமுக்கு எழுதிய பையனும் ஒரே பெஞ்சில். அவர்கள் 78, நமக்கு 79 வேண்டும். ஏழாவது ஓவரில் நீ மிட்விக்கெட்டில் தட்டிவிட்டு இரண்டு ஓடினாய். பவுலர் பக்கம் போய்த் திரும்பும்போது உன் மட்டை கோட்டைத் தொடவில்லை. சுண்ணாம்புக் கோடு அதற்குள் பாதி அழிந்திருந்தது, நீ கோட்டைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்பயர் கையை மடக்கி விரல் நுனியால் தோளைத் தொட்டார், ஒரு ரன்னைக் குறை என்று அர்த்தம். பார்த்துவிட்டேன் என்று நான் கையைத் தூக்கினேன். பக்கத்துப் பையன் ஐஸ் வண்டிக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து 2 என்று எழுதினான், நான் 1 எழுதினேன். ஓவர் முடிந்ததும் சரிபார்க்கக் கூப்பிட்டேன். "கடைசியில பாத்துக்கலாங்க்கா" என்றான். மைக்கில் ஸ்கோர் சொன்னவர் அவன் நோட்டைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்து. நீ ஒரு ரன் ஓடினாய். அவன் நோட்டில் 79, என் நோட்டில் 78. மைக்கில் நம்ம ஊர் வெற்றி என்று சொல்லிவிட்டார்கள். பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டது. உன்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அந்தத் தோளிலிருந்து நீ என்னைத் தேடிப் பார்த்தாய், கையை ஆட்டினாய். நீ அதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அப்போது நான் நோட்டோடு எழுந்து கிரவுண்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

எதிர் டீமே நாம் ஜெயித்ததாக எழுதியிருக்கும்போது உனக்கு என்னடி வந்தது என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், அண்ணா. கூட்டிப் பார்த்தேன். பேட்டிங் பக்கம், எக்ஸ்ட்ரா, பவுலர்கள் கொடுத்தது, பை, எந்தப் பக்கம் கூட்டினாலும் 78தான் வந்தது. இரண்டு பக்கமும் ஒத்துவராமல் நோட்டை மூடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. தோளைத் தொட்டால் ஒன்றைக் குறை, கையைத் தூக்கிக் காட்டு என்று மொட்டை மாடியில் நீயே அம்பயராக நின்று சைகை செய்து காட்டினாய். அம்பயரிடம் கேட்டேன். "ஆமாம்மா, கொடுத்தேன்" என்று மறுபடி தோளைத் தொட்டுக் காட்டினார். பம்பை நின்றது. ரன் சமம் என்று ஆகி, ஆளுக்கு ஒரு ஓவர் ஆடுகிற சூப்பர் ஓவரில் தோற்றோம்.

அன்று ராத்திரி நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்றை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுதுகிறேன். நீ ஏமாற்றவில்லை. கடைத்தெருவில் எட்டு வருஷமாகச் சிலர் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு விதி தெரியாது. தெரிந்தே குறைத்து ஓடினால் அந்தப் பந்தின் ரன் மொத்தமும் போகும், எதிரணிக்கு 5 ரன் பெனால்டியும் சேரும். அம்பயர் அதைக் கொடுக்கவில்லை, ஒரே ஒரு ரன்னைத்தான் குறைத்தார். அவர் கண்ணுக்கே அது வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

இதை அன்றைக்கே மைக்கில் சொல்லியிருந்தால் நீ தலைகுனிந்து போயிருக்க மாட்டாய். எனக்குப் பதினாறு வயசு, குரல் வரவில்லை. அதற்கு வருத்தப்படுகிறேன், அண்ணா, மனசாரச் சொல்கிறேன். அந்த ரன்னுக்காக வருத்தப்படச் சொன்னால் முடியாது. நாளைக்கு அதே பந்து வந்தாலும் 1தான் எழுதுவேன்.

இன்னொன்று. அந்த வருஷம்தான் நம்ம புதுச்சேரிக்கு இந்திய கிரிக்கெட் வாரியமான பி.சி.சி.ஐ.யின் அங்கீகாரம் கிடைத்தது, 2018-19இல் ரஞ்சிக் கோப்பையே ஆடினார்கள். நீ செலக்‌ஷனுக்குப் போகிறேன் என்று புது ஷூவெல்லாம் வாங்கினாய். போகவில்லை. உன்னால்தான் அவன் மட்டையைத் தொடவில்லை என்று பெரியம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நீ அங்கேயே நின்றுகொண்டிருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ரன்னுக்காக விடுகிற ஆசையா அது? அதை என் தலையில் வைக்காதே.

இப்படி எழுத வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. ஜெயித்த செய்தியைத்தான் சொல்ல வந்தேன். 61 ரன் வித்தியாசம், யாரும் நோட்டைக் கேட்கவே இல்லை. அக்கரைக்காரர்களே வந்து கைகொடுத்தார்கள், மறுநாள் ஆத்துத் திருவிழாவில் கரும்பு வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருத்தர் உன்னைத்தான் முதலில் விசாரித்தார். "அந்தப் பையன் இருந்தா இன்னும் அம்பது கூட வந்திருக்கும்" என்றார். இருக்கும். ஆனால் நீ இல்லாமலே ஜெயித்தோம், அதுவும் நிஜம்.

ஸ்கோர் எழுதுவதை நான் இத்தோடு நிறுத்துகிறேன். அம்பயராக நிற்கப்போகிறேன். பசங்க கமிட்டியில் பேசி ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத இரண்டு பேர் யாரென்று நீயே யூகிப்பாய். 2023 ஜனவரியில் விருந்தா ரதி, ஜனனி நாராயணன், காயத்ரி வேணுகோபாலன் மூன்று பெண்களும் ரஞ்சியில் அம்பயராக நின்றார்கள். ரதியும் முதலில் ஸ்கோர் எழுதியவர்தான். நான் ரஞ்சிக்குப் போகப் பார்க்கவில்லை. தோளைத் தொட வேண்டிய நேரத்தில் தொடுகிற ஆள் ஒருத்தி நம்ம கிரவுண்டில் வேண்டும், அவ்வளவுதான்.

மாசியில் லீவு என்று அம்மாவிடம் சொன்னாயாம். மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு அக்கரையில் மறு மேட்ச். நான் ஒரு பக்கம் நிற்பேன், மறுபக்கம் அவர்கள் ஆள். நமக்கு ஸ்கோர் எழுத யாரும் இல்லை, பசங்களுக்குக் கூட்டல் வராது. நீ எழுது. ஆடச் சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து எழுது, நான் சைகை செய்தால் கையைத் தூக்கு. முடியாது என்றால் குரூப்பிலாவது ஒரு வார்த்தை சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்கவேண்டும்.

உன் தங்கை